பொனவாத?

அப்பாவின் வைத்தியக் காகிதங்களுக்குள் இரண்டு டயக்னோசிஸ் கார்ட் இருக்கின்றன. இரண்டும் ஒரே நோய்க்கு, ஐந்து மாத இடைவெளியில், இரண்டு ஆஸ்பத்திரிகளில் எழுதிக் கொடுத்தவை. கணைய அழற்சி என்ற பெயருக்குப் பக்கத்தில் முதலாவதில் ‘மதுவினால்’ என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதில் அதே இடத்தில் ‘பித்தக்கல்லினால்’. போன கிழமை அலமாரியை ஒதுக்கும்போது முதலாவதைக் கிழித்துப் போடப் போனேன். அப்பா விடவில்லை. “ரெண்டும் இருக்கட்டும் புள்ள” என்றார். ஏன் என்று கேட்டேன், பதில் இல்லை. அவர் அப்படித்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தப் பழைய கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சரி, எழுதிப் பார்ப்போம்.

அது 2023, மாசி மாதம். எங்கள் தோட்டத்து மேல் லயத்தில், மேல் வரிசை வீடுகளில், ஒரு பிள்ளைக்குச் சடங்கு. ஆட்டிறைச்சியும் சோறும். அப்பா வழக்கத்தைவிட ஒரு கை கூடச் சாப்பிட்டார், அவ்வளவுதான். இரவு பதினொன்றரைக்கு எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவர் விடியும்வரை படுக்கவே இல்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கிய வலி நேராக முதுகுக்குப் போய் அங்கேயே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றார். மல்லாந்து படுத்தால் கூடுகிறது, தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தால் கொஞ்சம் தாங்குகிறது. அப்படிக் குனிந்து உட்காருவதே இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்பதைப் பிறகுதான் படித்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கேஸ்ட்ரைட்டிஸ். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஏறுகிற சனத்துக்கு வயிற்றில் வேறென்ன வரும்? அம்மா இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு ஓமத்தண்ணி. பிறகு பக்கத்து வீட்டுக் காம்பராவில் வாங்கிய இரண்டு மாத்திரை. எல்லாவற்றையும் அப்பா வாந்தி எடுத்தார். மூன்று மணிக்கு 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸ் எங்கள் லயத்து ரோட்டில் ஏறாது என்பதால் தம்பியின் த்ரீவீலில் பேக்டரிச் சந்தி வரை இறக்கி, அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பேனா ஓடிய விதம்

அங்கே ஒரு இளம் டொக்டர். தூக்கம் கெட்ட கண், ஆனால் குரலில் எரிச்சல் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எப்போது தொடங்கியது என்று கேட்டார், அடுத்ததாக “பொனவாத?” என்றார். குடிப்பீர்களா என்று அர்த்தம். நம்முடைய ‘குடி’ மாதிரியேதான் சிங்களத்திலும், தண்ணீருக்கும் தேத்தண்ணிக்கும் சாராயத்துக்கும் ஒரே சொல். ஆனால் நள்ளிரவில் வயிற்றுவலியோடு வந்த தோட்டத்து ஆம்பளையிடம் அதைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பா குனிந்தபடியே, “இஸ்ஸர பிவ்வா” என்றார். முந்தி குடித்தேன்.

அது உண்மை. இருபது வயதிலிருந்து அவர் குடித்தார். சம்பளநாள் சாராயம், கையில் காசில்லாத நாள் கசிப்பு. 2014இல் ஐயப்பனுக்கு மாலை போட்டார், மலைக்குப் போய் வந்தார், மாலையைக் கழற்றிய பிறகும் குடியைத் தொடவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலில் குனிந்திருந்தவர் ஒன்பது வருசமாகச் சொட்டும் தொடாத மனிதர். டொக்டரின் பேனா ‘பிவ்வா’வைப் பிடித்துக்கொண்டது, ‘இஸ்ஸர’ காற்றில் போய்விட்டது.

இங்கே டொக்டரைக் குறை சொல்லி முடித்துவிடுவது சுலபம். நான் பக்கத்தில்தான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், என் சிங்களம் அப்பாவுடையதைவிட நல்லது. “அவுருது நவயக் வெனவா சேர்”, ஒன்பது வருசம் ஆகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று பலகாலம் எனக்கே சொல்லி வந்தேன், அதுவும் பொய். எனக்கு எட்டு வயதிருக்கும்போது கோயில் திருவிழா அன்று, தேர் வருகிற பாதையோரம் அப்பா சாரம் விலகிக் கிடந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். அந்தக் கணக்கு எனக்குள் தீராமல் கிடந்திருக்கிறது. டொக்டர் எழுதியபோது, ‘ஆமா, வேறென்ன?’ என்றுதான் என் மனமும் சொன்னது.

இரத்தத்தில் அமிலேஸ், கணையத்தின் செரிமான நொதி, கூடியிருந்தது. கணையம் வீங்கியிருக்கிறது, வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றார்கள். சேலைன், வலிக்கு ஊசி. மூன்றாம் நாள் கஞ்சி, நாலாம் நாள் வீடு. ஸ்கேனுக்கு ஆறு கிழமை தள்ளி ஒரு திகதி கொடுத்தார்கள். அந்தத் திகதிக்கு நாங்கள் போகவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு லீவு கிடைக்கவில்லை, தம்பிக்கு வேறு ஹயர் இருந்தது என்று காரணம் சொல்லலாம். உள்ளே இருந்த காரணம் வேறு. எதனால் வந்தது என்றுதான் தெரியுமே, அப்புறம் ஸ்கேன் எதற்கு? குடித்தார், வந்தது. இனிக் குடிக்காவிட்டால் சரி. அவர்தான் குடிப்பதே இல்லையே என்ற கேள்வி எங்கள் காம்பராவில் யாருக்கும் எழவில்லை. “நாம விட்டாலும் அது விடாது” என்று லயத்துப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். அம்மா சோறு போடும்போதெல்லாம் பழைய கதைகளை எடுத்தார். அப்பா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழும்பிப் போனார். அந்த மாதங்களில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். அவரும் அதை நம்பியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

பீலித் தண்ணீர்

ஆடி மாதம் மறுபடியும் வந்தது, இந்த முறை மோசமாக. கண் மஞ்சள் பூத்திருந்தது. டவுனிலிருந்து நேரே மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சேர்ஜிக்கல் வாட்டில் பதினைந்தாம் கட்டில். இரவு வேலைக்கு வந்த சின்ன டொக்டர் தமிழ்ப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் அதோடு நிற்கவில்லை.

“எப்ப ஐயா விட்டீங்க?”

“ஐயப்பனுக்கு மாலை போட்ட வருசம் டொக்டர்.”

“அது எந்த வருசம்?”

அப்பா சொன்னார். டொக்டர் விரலை மடக்கி எண்ணினார். பிறகு நாங்கள் கொண்டுபோன பழைய கார்டை வாங்கி, முன்பக்கத்தில் எழுதியிருந்ததை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த இரத்தப் பரிசோதனை எண்களை லைட்டுக்குக் கீழே பிடித்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஈரலின் எண், 212. அது இருக்கவேண்டிய அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் கல்லின் மேல்தான் சந்தேகம் பலமாக விழவேண்டுமாம். மாசி மாதத்திலிருந்து அந்த எண் எங்கள் அலமாரியில், சாமிப் படத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்திருக்கிறது. அம்மா அதற்குத் தினமும் விபூதி வைத்தார்.

காலையில் ஸ்கேன். பித்தப்பை நிறையச் சின்னச் சின்னக் கல், மிளகு அளவில். பெரிய கல்லைவிட இந்தப் பொடிக் கல்தான் இந்த விசயத்தில் பொல்லாதது என்று டொக்டர் சொன்னார். பெரியது பைக்குள்ளேயே கிடக்கும், பொடி நழுவிக் குழாயில் இறங்கும். ஸ்கேன் உறையின் முதுகில் பேனாவால் படம் போட்டுக் காட்டினார். ஈரலிலிருந்து பித்தம் வருகிற குழாய் ஒன்று, கணையத்திலிருந்து அதன் நீர் வருகிற குழாய் ஒன்று, இரண்டும் குடலுக்குள் போகும் இடத்தில் ஒரே வாய். எனக்கு லயத்தில் தண்ணீர் பிடிக்கிற எங்கள் பீலிதான் ஞாபகம் வந்தது. மேலே இரண்டு ஊற்று, கீழே ஒரே தகரப் பீலி. அதன் வாயில் ஒரு இலை அடைத்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் பின்னுக்கு ஏறும். பித்தம் ஏறினால் கண் மஞ்சளாகும். கணைய நீர் தேங்கினால் சங்கதி வேறு. சோறு, இறைச்சி, கொழுப்பு எல்லாவற்றையும் கரைக்கிற நீர் அது. குடலுக்குப் போன பிறகு விழிக்கவேண்டியது கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும்.

“அப்ப குடி?” என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் என்னுடையது மாதிரி இல்லை.

“ஐயாவுக்குக் குடி இல்லக்கா. கல்லு.”

பதினாலாம் கட்டில்

இனி எழுதப்போவதைத்தான் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ராகலைப் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். முப்பத்திநாலு வயது என்று அவர் மனைவி சொன்னார். அதே நோய். அவருக்குக் குடி, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மனைவியே சொன்னார், கேட்காமலே, முதல் நாளே, தலையைக் குனிந்துகொண்டு. அந்தப் பெண்பிள்ளையிடம் ஒரு சிவப்புப் பிளாஸ்க் இருந்தது. கீழே கென்டீனுக்குப் போய்ச் சுடுதண்ணி வாங்கி வந்து அம்மாவுக்கும் மூடியில் ஊற்றிக் கொடுக்கும். “அம்மா, நீங்க ஏறி எறங்காதீங்க, காலு நோகும்” என்னும். இரண்டு நாள் அம்மாவும் அந்தப் பிள்ளையும் ஒரே பெஞ்சில், ஒரே கவலையில் இருந்தார்கள். அமிலேஸ் எண்ணைக்கூட ஒப்பிட்டுக்கொண்டார்கள், பிள்ளைகளின் சோதனைப் புள்ளி மாதிரி. அப்பாவுக்கு 1400, அவருக்கு 480. “ஒங்க வீட்டுக்காரருக்குக் கம்மிதானே, பயப்படாத” என்று அம்மா ஆறுதல் சொன்னார். அந்த எண் ஏறியிருப்பது நோய் இருக்கிறது என்று காட்டும், எவ்வளவு மோசம் என்று காட்டாது. குடியால் வந்தவர்களுக்கு அது அவ்வளவாக ஏறாமலும் இருக்கும். இது அந்தப் பெஞ்சில் யாருக்கும் தெரியாது.

ஸ்கேன் முடிவு வந்ததும் அம்மா போனை எடுத்தார். பெரியம்மாவுக்கு, சித்திக்கு, மேல் லயத்துக்கு, கோயில் தலைவர் வீட்டுக்கு. வாட்டு முழுக்கக் கேட்கிற குரலில், “கல்லாம்! குடி இல்லியாம்! டொக்டரே சொல்லிட்டாங்க, குடிகாரனுக்கு வர்றது இல்லியாம் இது!” ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி ஏறியது. ஐந்து மாதமாக லயத்துக்கு முன்னால் குனிந்திருந்த தலை நிமிர்கிறது, எனக்கு அது புரிந்தது. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே குளிர்ந்தது. அப்பாவின் நோய் நல்ல நோயாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அந்தப் பிள்ளை பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சுடுதண்ணி வரவில்லை.

அன்றிரவே பதினாலாம் கட்டில்காரருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சிறுநீர்ப் பையில் தண்ணீர் இறங்கவில்லை என்று நேர்ஸ் மிஸ் இரண்டு தடவை வந்து பார்த்தார். விடியற்காலையில் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளை பையையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு கட்டிலோடு ஓடியது. எங்களைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஒன்று தெளிவாயிற்று. தீ பற்றிய பிறகு, எந்தக் குச்சியால் பற்றியது என்பதை உடம்பு அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கல்லானாலும் குடியானாலும் ஐந்தில் நான்கு பேருக்குச் சில நாளில் தணிந்துவிடும். மிச்சப் பேருக்கு என்ன நடக்கும் என்பது வேறு கணக்கு. இந்த நோய் எவ்வளவு கடுமை என்று பிரிக்க டொக்டர்மார் பார்க்கிற, 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டில், சிறுநீரகமோ நுரையீரலோ இரத்தோட்டமோ செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேல் திரும்பாவிட்டால்தான் கடும் நோய். அப்படியானவர்களில் ஐந்தில் ஒருவரிலிருந்து மூவரில் ஒருவர் வரை இறந்துபோகிறார்கள். வயது, உடற்பருமன், கணையம் எவ்வளவு செத்துப்போனது, செத்த பகுதியில் கிருமி சேர்ந்ததா, இவைதான் அங்கே பேசும். காரணங்களில், இரத்தத்தில் டிரைகிளிசரைட் கொழுப்பு 1000ஐத் தாண்டி வருகிற வகை சராசரியில் கொஞ்சம் கடுமையானது என்கிறார்கள். அந்த இரத்தத்தைக் குழாயில் வைத்தால் மேலே பால் மாதிரி நிற்குமாம். சில மருந்துகளால் வரும். கல்லை எடுக்க வாய்வழியாகக் குழாய் விட்டுச் செய்கிற ஈ.ஆர்.சி.பி.யாலேயே வரும், நல்ல வேடிக்கை. டிரினிடாட் தீவில் ஒரு தேள் கொட்டினாலும் வருமாம். அப்பா அன்றைக்குத் தேள் கொட்டியது என்று வந்திருந்தால் லயமே பால்மா பெட்டியோடு பார்க்க வந்திருக்கும்.

காரணம் கணக்கில் வருவது பிறகுதான், நோய் தணிந்த பின். கல் என்றால் பித்தப்பையை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். அப்பாவுக்கு வந்த மாதிரி. நெதர்லாந்தில் செய்த ஒரு ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதல் தடவை தணிந்து ஆஸ்பத்திரியிலிருந்து போகுமுன்பே பையை எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் திரும்பச் சேர்க்கும்படியான சிக்கல் வந்தது, வீட்டுக்கு அனுப்பிப் பிறகு எடுத்தவர்களில் 17 பேருக்கு. அப்பாவுக்கு அந்த வாட்டிலேயே ஒப்பரேசன் தியேட்டர் நாள் கிடைக்கவில்லை. ஐந்து கிழமை எண்ணெய் இல்லாத சோறும் பயமுமாகக் காத்திருந்து, பிறகு துளை போட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

குடி என்றாலும் ஒரு வைத்தியம் உண்டு என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. அதிகம் குடிக்கிறவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் இந்த நோய் வருகிறது. ஏன் அவர்களுக்கு மட்டும் என்பது இன்னும் முழுசாகத் துலங்கவில்லை, புகைப்பது கூடச் சேர்ந்தால் ஆபத்து ஏறுகிறது. முதல் தடவைக்குப் பிறகும் குடித்தால் திரும்பத் திரும்ப வரும், கணையம் மெல்ல மெல்ல நார்போல ஆகும், சீனி வியாதி வரும். பின்லாந்தில் இப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை மட்டும் உட்காரவைத்துப் பேசி அனுப்புவதையும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுவதையும் ஒப்பிட்டு 2009இல் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருசத்தில், கூப்பிட்டுப் பேசியவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு. பெரிய மருந்து ஒன்றும் இல்லை. ஒரு நேர்ஸ், ஒரு கதிரை, அரை மணி நேரம். எங்கள் முதல் கார்டில் ‘மதுவினால்’ என்று எழுதியிருந்தார்களே, அது சரியாகவே இருந்திருந்தாலும் அந்தச் சொல்லுக்கு யாரும் எந்த வைத்தியமும் எழுதவில்லை. “இனிக் குடிக்காதீங்க” என்று ஒரு வரி, கார்டை நீட்டும்போது. கல் என்றால் திகதி போடுகிறோம், தியேட்டர் பார்க்கிறோம். குடி என்றால் கொப்பியை மூடிவிடுகிறோம். டொக்டர் மட்டும் மூடுவதில்லை, மனைவி, மகள், லயம் எல்லோரும் சேர்ந்துதான்.

தோட்டத்துக்காரர் என்றதும் குடி என்று டொக்டர்மார் நினைப்பது அநியாயம் என்று ஒரு கட்டுரை எழுதத்தான் முதலில் நினைத்தேன். சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன், அவரும் உற்சாகமானார். பாதி எழுதி நிறுத்திவிட்டேன். அந்தக் கட்டுரையில் அப்பா நிரபராதி. அப்படியென்றால் பதினாலாம் கட்டில்காரர்? அவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த ஊகம் எத்தனையோ தடவை சரியாகத்தான் இருக்கும், எங்கள் டவுனில் சாராயக்கடை வாசலில் சம்பளநாள் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஊகித்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஊகித்த பிறகு தேடாமல் விட்டதில்தான், அதில் பாதிக் கோபம் என்மேல்.

கார்த்திகையில் ஒப்பரேசனுக்குப் பிந்திய கடைசிக் கிளினிக்குக்கு அப்பாவோடு போனேன். மருந்து வரிசையில் நிற்கும்போது அப்பா திடீரென்று, “அந்தப் பொடியன் என்ன ஆனானோ” என்றார். அவரை பெஞ்சில் இருத்திவிட்டு மேலே வாட்டுக்குப் போனேன். புதிய மிஸ் ஒருவர் ரெஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் இங்கேயிருந்து ஐ.சி.யூ. போன ஒருவர், என்ன ஆனார் என்று தெரியுமா என்று கேட்டேன்.

“நம மொகத்த?” என்றார் தலை நிமிராமல். பெயர் என்ன?

அப்போதுதான் விளங்கியது. அவர் எத்தனை வருசம் குடித்தார், என்ன குடித்தார், அமிலேஸ் எவ்வளவு, எல்லாம் எனக்குத் தெரியும்.

“பேர் தெரியாது மிஸ். பதினாலாம் கட்டில்.”

மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு அந்தக் கட்டிலைப் பார்த்தார். அங்கே ஒரு வயசாளி சம்மணம் போட்டுத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.